தசை நொதி "செத்துவிட்டது" என்று முடிவு கட்டும் முன்

கேள்வி இதுதான்: "முனைவர் பட்ட ஆய்வில் முதல் ஆண்டு. மனிதத் தசையின் கிளைக்கோஜன் சிந்தேஸ் நொதியை, பூச்சி செல்லில் தயாரித்த ரீகாம்பினன்ட் புரதமாக 50 மைக்ரோகிராம் வாங்கினோம். டிரிஸ் பஃபர், டிடிடி, யூடிபி-குளுக்கோஸ், கிளைக்கோஜன் எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். செயல்பாடு கிட்டத்தட்ட இல்லை. நொதி வழியிலேயே கெட்டுவிட்டதா? கூடவே கிளைக்கோஜெனின் என்று இன்னொரு புரதம் ஏன் சேர்ந்து வருகிறது? ஈ.கோலை பாக்டீரியாவில் செய்ததை வாங்கினால் ஆகாதா? இதை வைத்து உருப்படியாக என்ன ஆராயலாம்?"

கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. (கிளைக்கோஜன் என்பது உடல் சேமித்து வைக்கும் குளுக்கோஸ் சங்கிலி; யூடிபி-குளுக்கோஸிலிருந்து குளுக்கோஸை எடுத்து அதில் கோக்கும் நொதிதான் இந்தச் சிந்தேஸ்.) நீங்கள் கொடுத்த பட்டியலில், இந்த நொதியை விழிக்க வைக்கும் சிறு மூலக்கூறான குளுக்கோஸ்-6-பாஸ்பேட் இல்லை. என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். நாளைக் காலை அதே கலவையை இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கில் மட்டும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் 10 மில்லிமோலார் இருக்கும்படி சேருங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். சேர்த்த குழாயில் வேகம் பல மடங்கு ஏறினால் நொதி நன்றாகத்தான் இருக்கிறது, பூட்டிய நிலையில் வந்திருக்கிறது என்று பொருள். இரண்டிலுமே ஒன்றும் இல்லையென்றால் அப்புறம் ஃப்ரீசரையும் பார்சலையும் சந்தேகப்படலாம்.

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஒரு மாணவி இதே நொதியோடு மூன்று வாரம் போராடினார். தினமும் புதிதாக பஃபர் கரைப்பார், பிஎச் சரிபார்ப்பார், புதுக் குழாய் எடுப்பார். திரையில் கோடு மட்டும் நேராகவே போய்க்கொண்டிருக்கும். "செத்த நொதியை அனுப்பிவிட்டார்கள்" என்று விற்றவர்களுக்குக் கடிதமே எழுதி வைத்திருந்தார். அனுப்புவதற்கு முந்தைய நாள், குவெட்டில் (ஒளி அளவிடும் சிறு கலத்தில்) குளுக்கோஸ்-6-பாஸ்பேட் சில மைக்ரோலிட்டர் விட்டுக் கலக்கினோம். 340 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலைக் காட்டும் கோடு அந்த நொடியே கீழ்நோக்கிச் சரிந்தது; நொதி ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். அந்த மூன்று வாரமும் அந்த நொதி, ஓய்வில் இருக்கும் தசைக்குள் எப்படி அடங்கியிருக்குமோ அப்படியே குழாய்க்குள்ளும் அடங்கியிருந்தது.

இந்த நொதியைப் பொறுத்தவரை "செயல்பாடு எவ்வளவு?" என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் இல்லாமல் எவ்வளவு, அதோடு சேர்த்து எவ்வளவு என்று எப்போதும் இரண்டு எண்கள் வேண்டும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வரும் விகிதம், குழாயில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும். நொதியின் மேல், அதைப் பூட்டும் பாஸ்பேட் நிறைய ஒட்டியிருந்தால் விகிதம் பூஜ்யத்தை நெருங்கும்; பாஸ்பேட் இல்லாத சுத்தமான நொதியில் அது 0.8ஐ ஒட்டிக்கூட வரும். இந்த விகிதத்தைப் போடாத ஒரு முடிவை நான் நம்புவதில்லை, அது எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் சரி.

இது எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1950களின் நடுப்பகுதி வரை, உடலில் கிளைக்கோஜனைக் கட்டுவதும் உடைப்பதும் பாஸ்போரிலேஸ் என்ற ஒரே நொதிதான் என்று பரவலாக நம்பினார்கள். கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் கிளைக்கோஜன் வளர்சிதை மாற்றத்துக்காக 1947இல் நோபல் பரிசு பெற்றவர்கள். அவர்கள் கைப்பட்ட பாஸ்போரிலேஸ் சோதனைக் குழாயில் இரண்டு திசையிலும் ஓடியது. அதனால் அந்த நம்பிக்கை வலுவாக இருந்தது. 1951இல் லண்டனில் பிரையன் மெக்கார்டில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்: கொஞ்சம் உழைத்தாலே தசை இறுகி வலிக்கும், ஆனால் கிளைக்கோஜன் உடைந்தால் வர வேண்டிய லாக்டேட் இரத்தத்தில் ஏறாது. 1959இல் இப்படிப்பட்டவர்களின் தசையை எடுத்துப் பார்த்தபோது பாஸ்போரிலேஸ் இல்லவே இல்லை. கிளைக்கோஜன் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. கட்டுகிற ஆள் பாஸ்போரிலேஸ் என்றால் இந்தத் தசையில் கிளைக்கோஜன் எப்படி வந்தது? அந்த நோயாளிகளின் உடலே கேட்ட கேள்வி அது.

பதில் அதற்குள் பியூனஸ் அயர்ஸிலிருந்து வந்துவிட்டது. லூயி லெலுவார், வசதி குறைந்த ஒரு பழைய வீட்டில் நடந்த ஆய்வகத்தில், 1950 வாக்கில் யூடிபி-குளுக்கோஸ் என்ற மூலக்கூறைக் கண்டுபிடித்திருந்தார். 1957இல் அவரும் அவருடன் வேலை செய்த கார்டினியும், யூடிபி-குளுக்கோஸிலிருந்து குளுக்கோஸை எடுத்துக் கிளைக்கோஜன் சங்கிலியின் நுனியில் சேர்க்கும் நொதியைக் கல்லீரலில் காட்டினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் தசையிலும் அது தெரிந்தது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் சேர்த்தால் வேகம் கூடுகிறது என்பதும் அந்தத் தசை வேலையிலேயே தெரிந்துவிட்டது. லெலுவாருக்கு 1970இல் வேதியியல் நோபல் கிடைத்தது. 1960இல் வில்லர்-பலாசியும் ஜோசப் லார்னரும் இன்சுலின் கொடுத்த தசையில் இந்த நொதியின் வேகம் கூடுவதைக் காட்டினார்கள். பிறகு லார்னர் குழு, குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டைச் சார்ந்த வடிவம், சாராத வடிவம் என்று இரண்டைப் பிரித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரதத்தின் மேல் ஒட்டும் பாஸ்பேட்தான் என்று நிறுவியது. உங்கள் குழாயில் இருப்பது அந்தச் சார்ந்த வடிவம் என்றே நினைக்கிறேன். அறுபது ஆண்டுக்கு மேலான பழைய விஷயம் இது. ஆனாலும் பொருளோடு வரும் தாளில் இதைத் தெளிவாக எழுதியிருப்பதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இனி அந்தப் புரதத்தையே பார்ப்போம். மனிதத் தசை வடிவத்துக்கான மரபணுவின் பெயர் ஜிஒய்எஸ்1. 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. புரதம் 737 அமினோ அமிலம், சுமார் 84 கிலோடால்டன். இதன் சிடிஎன்ஏ (மரபணுச் செய்தியின் டிஎன்ஏ நகல்) வரிசை 1989இல் வெளியானது. கல்லீரலுக்கென்று ஜிஒய்எஸ்2 தனியாக, 12ஆம் குரோமோசோமில், 703 அமினோ அமிலத்தோடு இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய 70 சதவீதம் ஒன்றுபோல. தசை வடிவம் என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, ஜிஒய்எஸ்1 இதயம், மூளை, சிறுநீரகம், கொழுப்புத் திசு என்று கல்லீரலுக்கு வெளியே பல இடங்களிலும் வேலை செய்கிறது. மூளை என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

இந்தப் புரதத்தின் நடுப்பகுதிதான் குளுக்கோஸைக் கோக்கிறது. இரண்டு முனைகளிலும் வால்கள் மாதிரி நீளும் பகுதிகளில் பாஸ்பேட் ஒட்டும் இடங்கள் ஒன்பது உண்டு. முன் முனையில் இரண்டு, பின் முனையில் ஏழு. பழைய கட்டுரைகளில் 2, 2ஏ, 3ஏ, 3பி, 3சி, 4, 5, 1ஏ, 1பி என்று ஒரு விசித்திரமான எண் முறை வரும். 3ஏ என்பது 641ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலம். புரதத்தை ஆன்டிபாடியால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் எல்லோரும் பயன்படுத்தும் ஆன்டிபாடி பெரும்பாலும் அந்த 641ஐப் பார்ப்பதுதான். இந்த இடங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகள், அதாவது கைனேஸ்கள், பல வரிசையில் நிற்கின்றன. அவற்றில் ஒன்றை 1980இல் ஸ்காட்லாந்தின் டன்டீயில் ஃபிலிப் கோஹன் குழு முயல் தசையிலிருந்து பிரித்தபோது, இந்த நொதியின் பெயரையே வைத்து ஜிஎஸ்கே3 (கிளைக்கோஜன் சிந்தேஸ் கைனேஸ் 3) என்று அழைத்தார்கள். இன்று ஜிஎஸ்கே3 பற்றிக் கரு வளர்ச்சியிலும் லித்தியம் மருந்திலும் படிக்கிறவர்கள் பலருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

ஜிஎஸ்கே3 வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அது நேராகப் போய் 641இல் பாஸ்பேட்டை ஒட்டாது. முதலில் சிகே2 என்ற வேறொரு கைனேஸ் 5ஆம் இடத்தில், அதாவது 657ஆம் செரினில், ஒரு பாஸ்பேட்டை ஒட்டி வைக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு ஜிஎஸ்கே3 நான்கு அமினோ அமிலம் முன்னால் 653இல் ஒட்டும்; அதைப் பிடித்து 649; அப்புறம் 645; கடைசியில் 641. ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்குவது போல. இன்சுலின் வந்தால் ஏகேடி என்ற இன்னொரு கைனேஸ் வழியாக ஜிஎஸ்கே3 அடங்கும், பிபி1 பாஸ்படேஸ் பாஸ்பேட்டைக் கழற்றும், நொதி விழித்துக்கொள்ளும்.

பாஸ்பேட் எப்படிப் பூட்டுகிறது என்பதை நேரில் பார்க்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மனித நொதியின் கிரையோ-எலக்ட்ரான் நுண்ணோக்கி வடிவங்களை வெவ்வேறு குழுக்கள் வெளியிட்டன. நான்கு சிந்தேஸ்கள் சேர்ந்து ஒரே கூட்டாக நிற்கின்றன. பாஸ்பேட் ஒட்டிய வால்கள், ஆர்ஜினின் செறிந்த ஒரு சுருளோடு ஒட்டிக்கொண்டு கூட்டை இறுக்கிப் பிடிக்கின்றன. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் அந்தச் சுருளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பிடி தளர்கிறது, கூட்டு திறக்கிறது, சங்கிலியின் நுனி உள்ளே போக வழி கிடைக்கிறது. உங்கள் குவெட்டில் அந்தச் சில மைக்ரோலிட்டர் செய்வதும் இதைத்தான். ஈஸ்ட்டின் இணை நொதியில் 2010லேயே இதன் சாயல் தெரிந்திருந்தது, ஆனால் மனித நொதியில் பாஸ்பேட்டோடு சேர்த்துப் பார்த்தது தனிச் சிறப்பு.

சரி, ஈ.கோலை கேள்விக்கு வருவோம். பாக்டீரியாவுக்குள் இந்தக் கைனேஸ்கள் கிடையாது. அதனால் அங்கே செய்த சிந்தேஸ் பாஸ்பேட் இல்லாமல், குளுக்கோஸ்-6-பாஸ்பேட் கேட்காமலே ஓடும். முயல் தசை நொதியை ஈ.கோலையில் செய்து, ஒவ்வொரு கைனேஸாகச் சேர்த்து, எந்த இடத்தில் ஒட்டினால் எவ்வளவு அடங்குகிறது என்று 1990களில் பார்த்தார்கள். வெற்றுப் பலகையிலிருந்து தொடங்க அது நல்ல வழி. ஆனால் மனித ஜிஒய்எஸ்1 தனியாக பாக்டீரியாவில் சரியாக மடிவதில்லை. பெரும்பகுதி கரையாத கட்டியாகப் போய்விடும். பூச்சி செல்லில், பாகுலோவைரஸ் என்ற பூச்சி வைரஸ் மூலம், கிளைக்கோஜெனினையும் சேர்த்தே செய்ய வைத்தால் கரைந்த, வேலை செய்யும் கூட்டாகக் கிடைக்கிறது. 2015இல் இந்த முறை வெளியான பிறகுதான் மனித நொதியை ஆராய்வது பல ஆய்வகங்களுக்குக் கைக்கெட்டியது. இதில் ஒரு விலையும் உண்டு: பூச்சி செல்லுக்குள் அதன் சொந்தக் கைனேஸ்கள் இருக்கின்றன, அவை உங்கள் புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறலாம். ஆகவே ஒரே விற்பனையாளரிடம் வாங்கினாலும் ஒவ்வொரு லாட்டுக்கும் அந்த இரண்டு எண்களையும் நீங்களே எடுத்து நோட்டில் எழுதி வையுங்கள்.

வாங்கும்போது டேகையும் (புரதத்தைப் பிரித்தெடுக்க அதன் முனையில் ஒட்டி வைக்கும் துண்டு) பாருங்கள். ஜிஎஸ்டி என்ற புரத டேக் தானாகவே இரண்டிரண்டாகச் சேரும் தன்மை உடையது. நான்காகச் சேர்ந்து வேலை செய்யும் ஒரு நொதியில் அதை ஒட்டி வைத்தால் கூட்டின் அமைப்பைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் வராது. ஹிஸ் டேக் சின்னது, தொல்லை குறைவு.

கிளைக்கோஜெனின் ஏன் என்றால், சிந்தேஸுக்கு ஒரு குறை உண்டு. அது இருக்கிற சங்கிலியை நீட்டும், ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்காது. தொடக்கத்தைக் கிளைக்கோஜெனின் செய்கிறது. மனிதக் கிளைக்கோஜெனின்-1 தன்னுடைய 195ஆம் அமினோ அமிலமான டைரோசினில் தானே முதல் குளுக்கோஸை ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் இன்னொன்று, இன்னொன்று என்று சுமார் பத்து வரை போகும். இதற்கு மாங்கனீஸ் அயனி வேண்டும். அந்தக் குட்டிச் சங்கிலியைச் சிந்தேஸ் ஏற்றுக்கொண்டு நீட்டும். கிளைக்கோஜெனினின் பின் முனையில் உள்ள முப்பத்தைந்துக்குக் கிட்டத்தட்ட வரும் அமினோ அமிலங்கள்தான் சிந்தேஸைப் பிடித்துக்கொள்கின்றன. கூட்டில் ஒவ்வொரு சிந்தேஸுக்கும் ஒரு கிளைக்கோஜெனின் வால். தசையில் முழுதாக வளர்ந்த ஒரு கிளைக்கோஜன் துகளில் பன்னிரண்டு அடுக்கு, சுமார் 55,000 குளுக்கோஸ், 40 நானோமீட்டரைத் தாண்டும் விட்டம் வரை கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவும் ஒரு டைரோசினிலிருந்து.

இதை ஜெல்லில் நேராகவே பார்க்கலாம். உங்கள் குழாயிலிருந்து ஒரு மைக்ரோகிராமை, புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். மேலே 84-85 கிலோடால்டனில் சிந்தேஸ் தெளிவான கோடாக நிற்கும். கீழே 38-40 பக்கம் கிளைக்கோஜெனின் மங்கலாக, மேல்நோக்கி இழுபட்டுத் தெரியும், ஒவ்வொரு மூலக்கூறிலும் சர்க்கரையின் நீளம் வேறு என்பதால். இன்னொரு பங்கை ஓட்டும் முன் சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் அமைலேஸ் போட்டு வைத்தால் அந்த இழுவை சுருங்கி ஒரே கோடாகிவிடும். முதல் தடவை பார்க்கும்போது உண்மையிலேயே மனம் நிறையும். குழாயில் இருப்பது சரியான கூட்டுதானா என்று பார்க்கவும் இது போதும்.

பாடப் புத்தகம் கிளைக்கோஜெனின் இல்லாமல் கிளைக்கோஜனே இல்லை என்று சொல்லும். 2017இல் பார்சிலோனாவிலிருந்து ஒரு முடிவு வந்தது: கிளைக்கோஜெனின் மரபணுவையே நீக்கிய எலிகள். பெரும்பாலானவை பிறந்ததும் இறந்தன. பிழைத்தவற்றின் தசையில் கிளைக்கோஜன் குறையவில்லை, கூடியிருந்தது. கிளைக்கோஜெனின்-1 குறைபாடுள்ள மனிதர்களிலும் பலருக்குத் தசையில் கிளைக்கோஜன் சேர்மானம் கண்டார்கள். ஆக, தொடக்கி வைப்பது மட்டும் அதன் வேலை இல்லை. எவ்வளவு சேர வேண்டும் என்பதிலும் அதற்குக் கை இருக்கிறது. உங்கள் ஆய்வேட்டின் முன்னுரையில் "கிளைக்கோஜெனின் இன்றியமையாதது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

உங்கள் இப்போதைய சோதனையில் வெளியிலிருந்து கிளைக்கோஜன் சேர்க்கிறீர்கள், அதனால் கிளைக்கோஜெனினின் தொடக்கம் அங்கே முக்கியமில்லை. ஆனால் கிளைக்கோஜன் சேர்க்காமல், கிளைக்கோஜெனினிலிருந்தே தொடங்கச் செய்து பார்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சிந்தேஸ் நேர்ச் சங்கிலி மட்டும்தான் கோக்கும். கிளை போடுவது வேறு நொதி. கிளை போடும் நொதி இல்லாமல் நீண்ட நேரம் ஓட்டினால் நீளமான, கரையாத சங்கிலிகள் வரும். ஒரு துளி அயோடின் விட்டால் தெரிந்துவிடும்: நல்ல கிளைக்கோஜன் செம்பழுப்பாக வரும், நீளச் சங்கிலிகள் கஞ்சியில் அயோடின் பட்டது போல நீலத்துக்குப் போகும். அந்த நீலத்தைப் பார்த்துவிட்டால் அதன் பிறகான வேக அளவீடுகளை நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.

அளக்கும் முறைகளில், கதிரியக்கக் கார்பன்-14 கொண்ட யூடிபி-குளுக்கோஸும் வடிதாளும் வைத்துச் செய்யும் 1968ஆம் ஆண்டு முறைதான் இன்றைக்கும் உரைகல். கலவையிலிருந்து ஒரு பங்கை எடுத்துத் தடிமனான வடிதாளில் சொட்டி, குளிர்ந்த 66 சதவீத எத்தனாலில் போட்டால் கிளைக்கோஜன் தாளிலேயே படியும், மீதி யூடிபி-குளுக்கோஸ் கழுவப்பட்டுப் போகும். தாளில் உள்ள கதிரியக்கத்தை எண்ணினால் போதும். நீங்கள் எந்த முறையை எடுத்தாலும் ஒரு தடவையாவது இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கதிரியக்க அனுமதி உள்ள ஆய்வகம் பக்கத்தில் இருந்தால்.

குவெட்டில் பார்ப்பது என்றால், யூடிபி-குளுக்கோஸ் தன் குளுக்கோஸைக் கொடுத்தபின் வெளியேறும் யூடிபியைப் பிடிக்க வேண்டும். பைருவேட் கைனேஸ் யூடிபியையும் பாஸ்போஈனால்பைருவேட்டையும் எடுத்துப் பைருவேட் தரும். லாக்டேட் டிஹைட்ரோஜனேஸ் அதை லாக்டேட்டாக்கும்போது, 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் என்ஏடிஎச் குறையும். 340இல் கோடு சரியும். பைருவேட் கைனேஸுக்குப் பொட்டாசியமும் மக்னீசியமும் கட்டாயம், நீங்கள் எழுதிய பஃபரில் பொட்டாசியம் இல்லை என்றால் அதுவே இன்னொரு காரணம். இந்த இரு நொதிகளும் பெரும்பாலும் அமோனியம் சல்பேட்டில் வரும். சல்பேட் சிந்தேஸைப் பாதிக்கும். கிளிசராலில் வருவதை வாங்குங்கள். சிந்தேஸ் மட்டும் சேர்க்காத ஒரு குவெட்டில் நேரடியாக யூடிபி கொஞ்சம் விட்டுப் பாருங்கள். கோடு உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் பிரச்சினை சிந்தேஸில் இல்லை. யூடிபியை ஒளியாக மாற்றும் கிட்டுகளும் இருக்கின்றன, சின்ன அளவில் நிறைய மாதிரிகள் பார்க்க வசதி. ஆனால் யூடிபி-குளுக்கோஸ் பாட்டிலிலேயே சிதைந்த யூடிபி இருந்தால் பின்னணி வெளிச்சம் உங்கள் முடிவை விழுங்கிவிடும். மிகச் சுத்தமான தரத்தை வாங்கிச் சிறு பங்குகளாக உறைய வையுங்கள்.

பாஸ்பேட்தான் பூட்டு என்பதை நீங்களே உறுதிப்படுத்த விரும்பினால், நொதியின் ஒரு பங்கைப் பிபி1 அல்லது லாம்டா பாஸ்படேஸோடு அரை மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி இரண்டு எண்களையும் எடுங்கள். குளுக்கோஸ்-6-பாஸ்பேட் இல்லாத எண் ஏற வேண்டும், இருக்கும் எண் பெரிதாக மாறக்கூடாது. அதே மாதிரியை 641 ஆன்டிபாடியால் பார்த்தால் சமிக்ஞை குறைந்திருக்கும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவந்தால் உங்கள் அளவீட்டை யாரும் அசைக்க முடியாது. திசுவிலிருந்து எடுத்த சாற்றோடு ஒப்பிடும் நாளில் இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும்: தசையை எடுத்த கணமே உறைய வைத்து, சோடியம் ஃப்ளோரைடும் இடிடிஏவும் போட்ட பஃபரில் அரைக்க வேண்டும். இல்லாவிட்டால் அரைக்கும்போதே பாஸ்படேஸ் பாஸ்பேட்டைக் கழற்றி, கைனேஸ் ஒட்டி, நீங்கள் அளப்பது தசையின் நிலை இல்லாமல் உங்கள் குழாயின் நிலையாகிவிடும்.

இதை வைத்து என்ன ஆராயலாம் என்றீர்கள். எனக்கு முதலில் தோன்றுவது போம்பே (Pompe) நோய். லைசோசோம் என்ற செல்லின் செரிமானப் பைக்குள் கிளைக்கோஜனை உடைக்கும் நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள். இதயம் வீங்கும், தசை தளரும். 2006இலிருந்து அந்த நொதியை ஊசியில் கொடுக்கிறார்கள், பலரைக் காப்பாற்றியிருக்கிறது, ஆனால் எலும்புத் தசைக்குள் அது போதிய அளவு போய்ச் சேருவதில்லை. வடிகால் அடைத்துக்கொண்டால் குழாயைக் கொஞ்சம் திருகி மூடுவோம் அல்லவா? ஜிஒய்எஸ்1ஐக் கொஞ்சம் அடக்கினால் சேர்வதே குறையும். போம்பே நோய் எலிகளில் இதன் மரபணுவை நீக்கியபோது தசையில் சேர்மானம் குறைந்தது. அதைச் செய்யும் மாத்திரை வடிவச் சிறு மூலக்கூறு ஒன்று மனிதரில் முதல் கட்டச் சோதனையைத் தாண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட மூலக்கூறுகளைத் தேட முதலில் வேண்டியது, நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தக் குழாய்தான்.

இங்கே கவனம் தேவை. 2007இல் ஒரு குடும்பத்தைப் பற்றிய மருத்துவக் கட்டுரை வந்தது: ஜிஒய்எஸ்1 முழுக்கவே இல்லாத குழந்தைகள், தசையில் கிளைக்கோஜன் இல்லை, மூத்த பிள்ளை பத்து வயதில் திடீரென இதயம் நின்று இறந்துவிட்டான். அந்தக் கட்டுரையைப் படித்த யாரும் இந்த நொதியை முழுக்க அணைக்கும் மருந்தைக் கனவு காணமாட்டார்கள். எவ்வளவு அடக்கலாம், எவ்வளவுக்கு மேல் ஆபத்து என்பதுதான் கேள்வி. கல்லீரல் ஜிஒய்எஸ்2ஐத் தொடக்கூடாது என்பது இன்னொன்று, தொட்டால் பட்டினி நேரத்தில் இரத்தச் சர்க்கரை விழும். ஆகவே மருந்துத் தேடல் என்றால் ஜிஒய்எஸ்2ஐயும் வாங்கிப் பக்கத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும். மேலே சொன்ன குவெட் முறையில் சிந்தேஸை அடக்கியதாகத் தெரியும் மூலக்கூறு உண்மையில் பைருவேட் கைனேஸைத்தான் அடக்கியிருக்கலாம், அதையும் தனியாகச் சோதியுங்கள்.

மூளையை நினைவில் வைக்கச் சொன்னேன். லஃபோரா நோய், பதின்ம வயதில் வலிப்பாகத் தொடங்கி, நினைவையும் நடையையும் பறித்து, பெரும்பாலும் பத்தாண்டுக்குள் உயிரை எடுக்கும் ஒன்று. நரம்பணுக்களில் கிளை குறைந்த, கரையாத கிளைக்கோஜன் உருண்டைகளாகத் தங்கும். 1911இல் லஃபோரா பார்த்தது அவற்றைத்தான். உறவுக்குள் திருமணம் வழக்கமாக உள்ள பகுதிகளில், தென்னிந்தியா உட்பட, இந்நோய் பதிவாகியிருக்கிறது. நோயுள்ள எலிகளில் ஜிஒய்எஸ்1ஐக் குறைத்ததும் உருண்டைகளும் வலிப்பும் குறைந்தன. இங்கிருந்து வேலை செய்யும் ஒருவர் இந்த நொதியைக் கையில் எடுக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

குதிரைகளில் எதிர்த் திசைக் கதை ஒன்று உண்டு. ஜிஒய்எஸ்1இல் 309ஆம் ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறிய குதிரைகளில் நொதி அளவுக்கு மீறி ஓடி, தசையில் விகாரமான சர்க்கரைச் சங்கிலிகள் சேர்ந்து, ஓடினால் தசை இறுகிவிடும், 2008இல் கண்டுபிடித்தார்கள். அதே மாற்றத்தை மனிதப் புரதத்தில் செய்து, இரண்டு எண்களையும் எடுத்துப் பார்ப்பது முதலாண்டுக்கு ஏற்ற, அளவான ஒரு வேலை.

சர்க்கரை நோயில் ஆர்வம் என்றால் ஒரு எச்சரிக்கை. 1990இல் கார்பன்-13 அளவீட்டில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் தசை கிளைக்கோஜன் சேர்க்கும் வேகம் மற்றவர்களின் வேகத்தில் பாதிகூட இல்லை என்று காட்டினார்கள். சிந்தேஸில்தான் குறை என்று அப்போது பலர் நினைத்தார்கள். பின்னால் வந்த வேலைகள் குளுக்கோஸ் செல்லுக்குள் நுழையும் கட்டத்தையே பெரிய தடையாகச் சுட்டின. சோதனைக் குழாயில் சிந்தேஸின் வேகம் கூடியதை வைத்துச் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று எழுதக்கூடாது.

கடைசியாக, உங்கள் 50 மைக்ரோகிராமைக் காப்பாற்றும் வழி. உலர் பனிக்கட்டியில் வந்ததை மைனஸ் 80இல் வையுங்கள். முதல் தடவை ஐஸ் மேல் வைத்து உருக்கும் அன்றே, ஒரு சோதனைக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுப் பங்குகளாகக் குளிர்ந்த குழாய்களில் பிரித்து உடனே திரவ நைட்ரஜனில் உறைய வையுங்கள். ஒரு பங்கை ஒரே தடவைதான் உருக்க வேண்டும். வோர்ட்டெக்ஸ் கருவியில் குலுக்க வேண்டாம், பைப்பெட்டால் மெதுவாக மேலும் கீழும் இழுத்தால் போதும். டிடிடி அன்றன்றைக்குப் புதிது. மிகவும் நீர்த்த நிலையில் புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், அதனால் நீர்க்கச் செய்யும் பஃபரில் கொஞ்சம் பிஎஸ்ஏ (மாட்டு இரத்தப் புரதம்) சேருங்கள்.

நாளைக்கு அந்த இரண்டு குவெட்டையும் ஓட்டியதும், சரிவு இரண்டும் எவ்வளவு, லாட் எண் என்ன, பஃபரில் பொட்டாசியம் இருந்ததா என்று எழுதுங்கள். விகிதம் 0.1க்குக் கீழே வந்தால் பாஸ்படேஸ் சோதனையை எப்படி அமைப்பது என்று அளவுகளோடு சொல்கிறேன்.